மழையில் பிடிக்கும் கதவு: வேலூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சத்துவாச்சாரியில் வாடகைக்கு வந்த முதல் நவம்பரில் எங்கள் வாசல் கதவு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் திறக்க இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். ராத்திரி சாத்தத் தோளால் ஒரு இடி. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் தடவிப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார், "இப்ப வாணாம் சார், தை போவட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. இழைத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். இழைத்துக் கொடுத்தார். கதவு ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொண்டது.

அடுத்த மே மாதம் கத்திரி வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைந்தது. பல்லி சாவகாசமாக வந்து போனது. அதுகூடப் பரவாயில்லை. பூட்டின் நாக்கு நிலைக்குள் முழுதாக நுழையாமல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. வெளியிலிருந்து யாராவது ஓங்கித் தள்ளினால் கதவு திறந்துவிடும். கடைசியில் அதே ஆசாரி வந்து கதவின் ஓரத்தில் நீளமாக ஒரு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம், வைத்து ஒட்டிவிட்டுப் போனார். இழைத்த கூலியைப்போல் மூன்று பங்கு செலவு.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: மழைக்காலத்தில் கதவை வெட்டாதீர்கள், பூட்டை உடைக்காதீர்கள். முதலில் எங்கே கோளாறு என்று கண்டுபிடியுங்கள். பாதிக்கு மேல் ஒரு மெழுகுவர்த்தியிலும் ஒரு ஸ்குரூடிரைவரிலும் முடிந்துவிடும்.

இந்த ஊரில் ஏன் இவ்வளவு ஆட்டம்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஆனால் மழை இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஆக இரண்டு பக்கமும் நமக்குப் பங்கு உண்டு. தண்ணீரில்லாத ஆறு என்று பேர் வாங்கிய பாலாறே 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது.

மரத்துக்கு இந்தக் காய்ச்சலும் ஈரமும் மாறி மாறி வருவதுதான் சிக்கல். எப்போதும் ஈரமாக இருக்கும் ஊரில் கதவு ஒரு அளவுக்கு ஊதி அப்படியே நின்றுவிடும். இங்கே மே மாதம் சுருங்கி, நவம்பரில் ஊதி, மறுபடி சுருங்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை மரம் இழுத்துக்கொண்டு நாருக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில் விரிகிறது. நாரின் நீளவாக்கில் விரிவது இல்லையென்றே சொல்லலாம். அதனால்தான் கதவு உயரம் கூடுவதில்லை, பூட்டுப் பக்கம்தான் முட்டுகிறது. சட்டமும் பேனலும் போட்ட நல்ல தேக்குக் கதவில் நடுப்பலகைகள் சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் இளகி உட்கார்ந்திருக்கும், ஊதினாலும் உள்ளேயே ஊதிக்கொள்ளும். அப்படியும் இரண்டு பக்கச் சட்டமும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் வரை கூடலாம். பலகையைப் பலகையோடு சேர்த்து அடித்த பழைய வேப்பமரக் கதவு, மாமரக் கதவு என்றால் இன்னும் அதிகம்.

கதவைச் சுற்றி இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டிப் பிடித்தால் அந்தத் தடிமன் வரும். வெயில் காலத்தில் வீடு பார்க்கப் போகும்போது பாக்கெட்டில் இரண்டு காசு இருக்கட்டும். மே மாதமே அந்த இரண்டு காசு நுழையாத கதவு ஐப்பசியில் நிச்சயம் பிடிக்கும்.

முதலில் பூட்டை நிரபராதி என்று வைத்துக்கொள்ளுங்கள்

சாவி திரும்பவில்லை என்றதும் எல்லோரும் பூட்டைத் திட்டுவார்கள். எண்ணெய் விடுவார்கள், சாவியை முறுக்குவார்கள், சாவி உள்ளேயே முறிந்துபோகும். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கதவைத் திறந்துவைத்தபடி சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். திறந்த கதவில் நாக்கு சுலபமாக வெளியே வந்து உள்ளே போகிறதா? அப்படியென்றால் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கதவுதான் இடம் மாறி, நாக்கு போய் நுழைய வேண்டிய தகட்டு ஓட்டைக்கு நேராக இல்லாமல் நிற்கிறது.

எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க, கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நாக்கின் முனையில் தடவுங்கள். கதவைச் சாத்திச் சாவியை ஒரு முறை திருப்பிவிட்டுத் திறந்தால், நாக்கு எங்கே இடிக்கிறது என்று தகட்டில் சிவப்பாகத் தெரியும். பெரும்பாலும் ஓட்டையின் அடிவிளிம்பில் இடித்திருக்கும், ஏனென்றால் கதவு கொஞ்சம் இறங்கியிருக்கும். கீலைச் சரிசெய்தால் இதுவும் சரியாகிவிடும், அதை அடுத்துச் சொல்கிறேன். கீல் நன்றாக இருந்தும் இடித்தால், அரத்தால் அந்த விளிம்பை ஒரு மில்லிமீட்டர் தேய்த்துவிடுங்கள். தகட்டைக் கழற்றி இடம் மாற்றி அடிப்பதைவிட இது நல்லது. வாடகை வீடு என்றால் அரத்தை எடுக்கும் முன் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம் ஊர் ஓனர்களுக்கு ஆணி அடித்தாலே கோபம் வரும்.

திறந்த கதவிலும் சாவி திரும்பவில்லை என்றால் அப்போதுதான் பூட்டு குற்றவாளி. அதற்குப் பிறகு வருகிறேன்.

கதவு ஊதியிருக்கிறதா, தொங்கியிருக்கிறதா

இது முக்கியம், நிதானமாகப் பாருங்கள். பள்ளிக்கூடச் சாக்பீஸை நிலையின் உள்விளிம்பில் மேலிருந்து கீழ்வரை தேய்த்துவிட்டு, கதவைச் சாத்தித் திறவுங்கள். கதவில் எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் உரசுகிறது.

பூட்டுப் பக்கம் மேல் மூலையில் மட்டும் வெள்ளை, கூடவே அதே பக்கத்தின் கீழ் மூலை தரையையோ படியையோ தேய்க்கிறது என்றால் கதவு தொங்கியிருக்கிறது. மேல் கீலின் ஸ்குரூ தளர்ந்து, கதவு தன் கனத்தால் முன்னால் சாய்ந்துவிட்டது. மழைக்கும் இதற்கும் பாதிச் சம்பந்தம்தான். வெயிலில் மரம் சுருங்கும்போது ஸ்குரூ ஓட்டை இளகும், மழையில் பிடிக்கிற கதவை நாம் தினமும் இழுத்து இழுத்து அதை இன்னும் பெரிதாக்குவோம்.

இதற்கு ஆசாரி வேண்டாம். கதவுக்கு அடியில் மடித்த செய்தித்தாளை முட்டுக் கொடுத்து, கனம் கீலில் விழாதபடி தூக்கி நிறுத்துங்கள். மேல் கீலின் ஸ்குரூக்களை இறுக்குங்கள். ஸ்குரூ பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிறதா? கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள் மருந்து முனை ஒடித்த நான்கைந்து தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிடுங்கள். மழைக்காலமானதால் ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். மறுநாள் ஸ்குரூவைத் திருகினால் இறுக்கமாகப் பிடிக்கும். பழைய ஸ்குரூ துருப்பிடித்திருந்தால் ஹார்டுவேர் கடையில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) ஸ்குரூ கேட்டு வாங்குங்கள், முந்தியதைவிட அரை இஞ்சு நீளமாக. ஒரு ஸ்குரூவை மட்டும் மாற்றாமல் அந்தக் கீலின் எல்லா ஸ்குரூவையும் மாற்றிவிடுவது நல்லது.

வெள்ளை பூட்டுப் பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருந்தால் கதவு ஊதியிருக்கிறது. இங்கேதான் கை இழைப்புளியைத் தேடும். வேண்டாம்.

உரசும் இடத்தைத் துணியால் துடைத்து, சாதாரண மெழுகுவர்த்தியை அழுத்தி நாலைந்து தடவை தேயுங்கள். கதவிலும் தேயுங்கள், நிலையிலும் தேயுங்கள். சிலர் துணி சோப்பைத் தேய்ப்பார்கள். அதுவும் வழுக்கும், ஆனால் சோப்பு ஈரத்தை இழுக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம், மழை விட்ட ஒரு நாளில் கதவைத் திறந்துவைத்து, அதன் விளிம்பைப் பார்த்து டேபிள் ஃபேனை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஹேர் டிரையரால் ஒரே இடத்தில் சூடு காட்டாதீர்கள், பெயின்ட் குமிழ் விடும், மரம் வெடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பிடித்தால், 80 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, வெள்ளை ஒட்டிய இடத்தில் மட்டும் தேயுங்கள். பெயின்ட் பூச்சுகள் சேர்ந்து சேர்ந்தே அரை மில்லிமீட்டர் ஏறியிருக்கும். அதைக் கழித்தாலே பல கதவுகள் வழிக்கு வந்துவிடும். மரம் வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் உடனே மெழுகைப் பூசிவையுங்கள், இல்லாவிட்டால் அதே வழியாக இன்னும் ஈரம் ஏறும்.

கதவு தட்டையாக இல்லாமல் வளைந்து நிற்கிறது, மேலே சாத்தினால் கீழே விலகுகிறது என்றால் அது வேறு கதை. ஏசி போட்ட படுக்கையறைக் கதவுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முகம் காய்ந்த குளிர்காற்றில், மறு முகம் ஈரமான ஹாலில் இருந்தால் இரண்டு முகமும் ஒரே அளவு ஊதாது, கதவு வளையும். மழை முடிந்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அதுவரை மேலும் கீழும் டவர் போல்ட் தாழ்ப்பாள் போட்டு இழுத்துப் பிடித்துவையுங்கள்.

தண்ணீர் எந்த வழியாக ஏறுகிறது

ஒரு கண்ணாடியைக் கதவின் உச்சிக்கு மேலே பிடித்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு வீட்டில் அங்கே பெயின்ட் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். அடிவிளிம்பும் அப்படித்தான், கதவை மாட்டிய பிறகு பிரஷ் நுழையாது. ஆனால் மரத்தின் நார்முனைகள் திறந்திருப்பது அந்த இரண்டு விளிம்பில்தான். ஒரு கட்டு உறிஞ்சுகுழலை நிறுத்திவைத்த மாதிரி, ஈரம் அங்கேதான் வேகமாக ஏறும். முகம் முழுக்கப் பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டு உச்சியையும் அடியையும் விட்டுவிட்டால் பாதி வேலைதான். பூட்டுக்காகக் குடைந்த பள்ளத்தின் உட்பக்கமும் இதே கணக்கில் சேரும்.

இதை மழையில் செய்யாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பெயின்ட் உரியும். மாசி, பங்குனி சரியான காலம். மரம் காய்ந்திருக்கும், ஆனால் கத்திரியின் அளவுக்குச் சுருங்கியிருக்காது. கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, வுட் பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை, உச்சி, அடி, பூட்டுப் பள்ளம் மூன்றிலும் அடியுங்கள். அப்போதும் நாணயச் சோதனையில் தேறாத கதவு என்றால் அதே நாளில் இழைக்கலாம். இழைத்த விளிம்புக்கும் அன்றே பிரைமர் அடிக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் விட்டதுதான்.

பாத்ரூம் கதவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளைவுட் ஃப்ளஷ் கதவு என்றால் அடியில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும், பிறகு திரும்ப ஒட்டாது. அடிப்பகுதியில் அலுமினியத் தகடு அடித்தால் இரண்டு மூன்று வருடம் ஓடும். பிவிசி கதவு ஊதாது, அதன் கீல் ஸ்குரூதான் துருப்பிடிக்கும்.

பூட்டு உண்மையிலேயே கெட்டிருந்தால்

தேங்காயெண்ணெய் விடாதீர்கள். இதை என் அம்மாவிடம் சொல்லி ஜெயிக்க முடியவில்லை, உங்களிடமாவது சொல்கிறேன். விட்ட அன்று பூட்டு ஜோராகத் திரும்பும். ஒரு மாதத்தில் அந்த எண்ணெயில் தெருப்புழுதி ஒட்டிப் பசையாகும். நம் ஊர்ப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குளிர் ராத்திரியில் எண்ணெயே உறைந்துகொள்ளும்.

சாவித் துளைக்குப் பென்சில் கரிதான் நல்லது. 2பி பென்சிலை வாங்கி, அதன் கரியைச் சாவியின் பற்களில் கறுப்பாகும்வரை தேயுங்கள். உள்ளே விட்டுப் பத்துத் தடவை திருப்புங்கள், துடையுங்கள், மறுபடி தேயுங்கள். கரி வழுக்கும், புழுதியை ஒட்டவிடாது. ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கரியைப் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். தண்ணீர் புகுந்த பூட்டு, துருவால் இறுகிய பூட்டு என்றால் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே. அது ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் உதவும், ஆனால் நெடுநாள் மசகுக்கு அதை நம்பாதீர்கள். பூட்டு இளகிய பிறகு, நாக்கு வெளியே தெரியும் இடத்தில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் போதும்.

கேட்டில் தொங்கும் பூட்டு முழு மழையையும் வாங்குகிறது. கம்பிக்கு நடுவில் கோத்து மாட்டும்போது சாவித்துளை கீழே பார்க்கிறதா என்று பாருங்கள், மேலே பார்த்தால் அது ஒரு சின்னக் கிணறு. சைக்கிள் கடையில் பழைய ட்யூபில் ஒரு சாண் வாங்கி, பூட்டின் மேல் தொப்பி போல மாட்டிவிடுங்கள். காசே கிடையாது, நாலு மழை தாங்கும். புதுப் பூட்டு வாங்குவதாக இருந்தால் பித்தளை உடம்புள்ளதாகப் பாருங்கள், இரும்புப் பூட்டைப்போல அது துருப்பிடிக்காது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு இங்கேயும் தேடினால் கிடைக்கிறது. சாவி கனமாக இருக்கும், ஆனால் உழைக்கும்.

சாவி முறிந்துபோனால், முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் புருவம் பிடுங்கும் இடுக்கியால் நேராக இழுத்துப் பாருங்கள். உள்ளே போய்விட்டதென்றால் கை வைக்காதீர்கள், பசையில் ஒட்டி இழுக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். விஐடி பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடு, சிஎம்சி ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் எடுத்த வீடு என்றால் மாற்றுச் சாவி ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பகமான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் பூட்டு போட்டவர்களும் அதோடு வந்த இயந்திரச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

ஜன்னல்

மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். ஆடி, ஆவணி சாயங்கால மழை பெரும்பாலும் மேற்குக் காற்றோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடிக்கும், பதினைந்து நிமிடத்தில் கட்டிலை நனைத்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கு, வடகிழக்கிலிருந்து நாள் கணக்கில் சாரலாக நிற்கும். மரத்தை ஊதவைப்பது இந்த இரண்டாவது மழைதான். வடகிழக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு போதுமா என்று வீடு பார்க்கும்போதே பாருங்கள்.

அலுமினியம், யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் ஊதாது. ஆனால் உள்ளே தண்ணீர் வழிகிறது என்ற புகார் அதில்தான் அதிகம். காரணம் எளிது. அடிச்சட்டத்தின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும், தண்டவாளத்தில் விழுந்த தண்ணீர் அந்த வழியாக வெளியே போக வேண்டும். எட்டு மாதப் புழுதி அதை அடைத்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் பழைய டூத் பிரஷால் தண்டவாளத்தைத் தேய்த்து, ஊக்கால் ஓட்டையைக் குத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிச்சுவரில் வழிந்தால் சரி. இதைத் தெரியாமல், ஒழுகுகிறது என்று அந்த ஓட்டைகளையே சிலிக்கான் வைத்து அடைத்தவர்கள் உண்டு. பிறகு தண்ணீர் முழுதும் வீட்டுக்குள்தான் வரும். சிலிக்கான் போட வேண்டியது வெளியே சட்டமும் சுவரும் சேரும் கோட்டில், அதுவும் சுவர் காய்ந்த பிறகு.

மர ஜன்னலுக்குக் கதவுக்குச் சொன்னதே. இரும்புக் கம்பியில் துரு தெரிந்தால் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல். கேட்டின் கீலுக்கு கிரீஸ். கேட் தாழ்ப்பாள் இறங்கும் தரைக்குழியில் சேறு நிரம்பியிருந்தால் தாழ்ப்பாள் பாதியில் நிற்கும், ஸ்பூனால் அள்ளிப்போடுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால்

தாழ்வான தெருக்களில் இது நடக்கும். தண்ணீர் வடிந்ததும் மின்சாரத்தால் ஆபத்து இல்லையா என்று பார்த்துவிட்டு, எல்லாக் கதவையும் திறந்தே வையுங்கள். சாத்திய நிலையில் ஊதினால் பிறகு திறக்காது. பூட்டுக்குள் வண்டல் போயிருந்தால் முதலில் எண்ணெய் விடாமல் நல்ல தண்ணீரால் கழுவி, உலரவிட்டு, பிறகுதான் ஸ்பிரே. கழற்றிய கதவை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வில்லாக வளையும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையில் கட்டைகள் போட்டு அதன்மேல் சமமாகப் படுக்கவைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை புரட்டிப் போடுங்கள்.

மழை விட்ட சாயங்காலம் ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல் கூட்டம் வரும். அவை வெளியிலிருந்து வந்தால் கவலையில்லை, விளக்கை அணைத்தால் போகும். நிலைக்கட்டையின் அடியிலிருந்து கிளம்பினால் உள்ளே கறையான் குடியிருக்கிறது என்று அர்த்தம். நிலையை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று சத்தம் வந்தால் ஓனருக்கு அன்றே போன் செய்யுங்கள்.

ஆசாரி விஷயம் ஒன்று. தை பிறந்ததும் இழைக்கலாம் என்று எல்லோரும் காத்திருப்பார்கள், ஆனால் தையில் புதுமனை புகுவிழா வேலைகள் குவிந்திருக்கும், நம் ஒற்றைக் கதவுக்கு யாரும் வரமாட்டார்கள். மார்கழியிலேயே சொல்லிவைத்து மாசிக்கு நாள் வாங்கிவிடுங்கள். எங்கள் ஆசாரி இப்போதும் வருகிறார். வந்ததும் முதல் காரியமாக, தான் ஒட்டிய ரீப்பரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்.